மைக்குக்கும் பறைக்கும் நடுவே எத்தனை அடி?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கவிஞர்கள், பேராசிரியர்கள், வழக்கு நடத்தியவர்கள், அடிவாங்கியவர்கள். நான் ஒலிப்பதிவு செய்கிறவன். இருபது வருசமாக மதுரையில் மைக் ஸ்டாண்டு தூக்குகிறேன். கேட்பதுதான் என் தொழில், பேசுவது இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை, மைக்கைப் பறையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று வந்திருக்கிறேன். சின்ன விஷயம்போலத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

2004 என்று நினைவு. ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தேன். அம்மன் பாட்டுக் கேசட் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மருளடி வேண்டும் என்று வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து நான்கு கொட்டுக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கீழே படியிலேயே விட்டுவிட்டு ஏறி வந்தார்கள். யாரும் விடச் சொல்லவில்லை. தபேலாக்காரர் உள்ளே கண்ணாடி அறையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். இவர்களை முதலாளி வராண்டாவில் நிற்கச் சொன்னார். "சத்தம் ஜாஸ்திப்பா, உள்ள வச்சா எல்லாத்துலயும் ஏறிரும்" என்றார். அது தொழில் ரீதியாகப் பொய் இல்லை. பறைச் சத்தம் பக்கத்து மைக்கில் ஏறத்தான் செய்யும். ஆனால் அதே வாரம் ஒரு டிரம்ஸ்காரர் வந்தபோது, அவருக்காக நாங்கள் மெத்தையும் கம்பளமும் கட்டி அறையை மாற்றினோம். இவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்து, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு மைக்கை நிறுத்தினோம். பதினைந்து அடி இருக்கும். டீ வந்தது. உள்ளே கண்ணாடி கிளாஸ், வராண்டாவுக்குப் பேப்பர் கப். நான் உள்ளே இருந்தேன், கண்ணாடி கிளாஸில் குடித்தேன். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த நால்வரில் மூத்தவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏ.சி. காற்று வராண்டாவுக்கும் வந்தது. பத்து நிமிசத்தில் தோல் தளர்ந்துவிட்டது. பறையைக் காய்ச்ச வேண்டும். ஸ்டூடியோவில் தீ ஏது? மூத்தவர் மாடிப்படி இறங்கி, பின்சந்தில் குப்பையையும் அட்டைப்பெட்டியையும் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு மேலே ஓடிவந்தார். ஒரு டேக். மறுபடி தளர்ந்தது. மறுபடி இறங்கினார். ஐந்து தடவை. அறுபது வயது மனிதர்.

தோழர்களே, அன்றைக்குப் பதிவான அந்தச் சத்தம் நான் கேட்ட மிகச்சிறந்த பறைச் சத்தங்களில் ஒன்று. நீண்ட வராண்டா, மொசைக் தரை, மாடிப்படிக் கூடு எல்லாம் சேர்ந்து அந்த அடியை வாங்கி உருட்டித் திருப்பிக் கொடுத்தன. முதலாளிகூட "என்னப்பா, கோயில் மாதிரி இருக்கு" என்றார். கேசட் அட்டையில் தபேலாக்காரர் பெயர் இருந்தது. இவர்களுக்கு "மற்றும் குழுவினர்".

பல வருசம் கழித்து வேறொரு மாடிப்படியைப் பற்றிப் படித்தேன். லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் பதிவு செய்தது. பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம் செட்டைக் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னார். மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு ரிப்பன் மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்மின் பக்கத்தில் மைக்கே இல்லை. 1971இல் வெளிவந்த அந்த டிரம் சத்தம் ஒலிப்பதிவு வகுப்புகளில் இன்றுவரை பாடம். நானும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வாடிப்பட்டிக்காரர் இறங்கி ஏறிய படிதான் கண்ணில் நின்றது. அங்கேயும் வாத்தியம் அறைக்கு வெளியே, மைக் தூரத்தில். அவர்கள் வெளியே போனது சோதனை. இவர்கள் வெளியே நின்றது தீட்டு. ஒலிநாடாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

மாணவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் வரலாறு. 1925 வரை மின்சார மைக் கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்று இருக்கும், அதற்குள் பாட வேண்டும். அந்த அதிர்வு நேராக ஊசிக்குப் போய் மெழுகில் கீறும். கொட்டை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் உலகம் முழுக்கக் கொட்டுவாத்தியத்தை அறையின் மூலைக்குத் தள்ளினார்கள், அல்லது வெளியே அனுப்பினார்கள். அமெரிக்காவின் கறுப்பின ஜாஸ் குழுக்களில் பெரிய டிரம்மை நிறுத்திவிட்டு மரக்கட்டையைத் தட்டச் சொன்னார்கள். மின்சார மைக் வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. 1966இல்கூட லண்டனில் பீட்டில்ஸ் பதிவு செய்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில், டிரம்முக்கு மைக் இத்தனை தூரத்துக்குள் வரக்கூடாது என்று விதி இருந்தது. ஜெஃப் எமெரிக் என்ற இருபது வயதுப் பையன் அதை மீறினான். ஒரு கம்பளிச் சட்டையை டிரம்முக்குள் திணித்து, மைக்கை ஒட்டி வைத்தான். அதுவரை பீட்டில்ஸ் இசைத்தட்டில் டிரம் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

இதைத்தான் சோதனை ராக் குழுக்கள் விரித்துக்கொண்டு போயின. ஜெர்மனியின் கேன் குழு ஒரு பழைய சினிமா கொட்டகையைப் பிடித்து, ராணுவ மெத்தைகளைச் சுவரில் அடித்து, மிக்ஸர் வைத்தவனும் வாசிக்கிறவனும் ஒரே அறையில் இருந்தபடி மணிக்கணக்கில் வாசித்தது. பிறகு ஹோல்கர் சுக்காய் நாடாவை பிளேடால் அறுத்து ஒட்டிப் பாட்டாக்கினார். பெர்லினில் ஐன்ஸ்டுர்சென்ட நொய்பவுட்டன் என்று ஒரு குழு. காசில்லாமல் டிரம் செட்டை விற்றுவிட்டு இரும்புக் குப்பையை அடித்தார்கள். 1980இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்கூட்டுக்குள் புகுந்து பதிவு செய்தார்கள். குப்பையை அடித்தவனுக்கு அங்கே சோதனைக் கலைஞன் என்று பட்டம். இங்கே தோலை அடித்தவனுக்குக் கிடைத்த பட்டம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் ஜமைக்காவின் கிங் டப்பி. ராக் குழு இல்லை, கிங்ஸ்டனின் ஏழைப் பகுதியில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்தவர். மிக்ஸரையே வாத்தியமாக்கினார். பாட்டுக்காரனின் குரலை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, பின்னால் கிடந்த டிரம்மையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்தார். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவர ஒரு ரிப்பேர்க்காரன் கை போதும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

இப்போது பறைக்கு வருகிறேன். இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு நம் பையன்கள் சிலர் பறைமீது அப்படியே போட்டுப் பார்க்கிறார்கள். அது சரிவராது. பறை வேறு சாதனம். புளியங்கொட்டைப் பசை வைத்து மரச்சட்டத்தில் ஒட்டிய தோல், பின்பக்கம் திறப்பு. வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் நீளமாக, மெல்லிசாகச் சிண்டுக்குச்சி. முன்பக்கம் மட்டும் மைக் வைத்தால் சிண்டின் 'சட் சட்' மட்டும் ஏறும், தகரம் தட்டியதுபோல இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பறையில் கனம் இல்லை, அடியில் ஒரு சின்த் சேர்த்துக்கொள்வோம் என்பார்கள். கனம் பின்பக்கம் இருக்கிறது. பின்னால் இன்னொரு மைக், அதன் ஃபேஸைத் திருப்பிப் போடு, வயிறு அதிரும். திருப்ப மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், இருந்த கனமும் போகும். இவ்வளவுதான் ரகசியம். ஆனால் மைக்கைப் பின்னால் வைக்க, அடிப்பவரின் உடம்புக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாம் போக வேண்டும். அவர் வியர்வை நம்மேல் படும். அந்த ஸ்டூடியோவில் அன்றைக்கு யாரும் அவ்வளவு கிட்டப் போகவில்லை.

அடுத்தது மெட்ரோனோம், காதில் 'டிக் டிக்' என்று ஓடும் கிளிக். பத்துப் பேர் தெருவில் வரிசையாக நின்று அடிக்கிறார்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முப்பது அடி தள்ளி நிற்பவரின் அடி உங்கள் காதுக்கு வர ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரமாகும். அந்தச் சின்னஞ்சிறு பிசிறல்தான் கூட்டம். ஒரே ஆளைப் பத்துத் தடவை அடிக்கவிட்டு, கம்ப்யூட்டரில் கோட்டுக்கு நேராக இழுத்து வைத்தால் பத்துப் பேர் ஆகாது. ஒரு ஆள் பத்து மடங்கு சத்தமாக இருப்பார், அவ்வளவுதான். வரிசையின் முதல் ஆள் அடவை மாற்றும்போது கடைசி ஆள் அவரைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறார். தனித்தனிக் கண்ணாடி அறையில் நிறுத்தினால் அந்தப் பார்வை போய்விடும். அதனால் நான் கிளிக் போடுவதில்லை, பிரித்து நிறுத்துவதும் இல்லை. ஏறினால் ஏறட்டும்.

டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்கு 1977இல் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று முகத்துக்கு ஒன்பது அங்குலத்தில், ஒன்று இருபது அடியில், ஒன்று ஐம்பது அடியில். தூரத்து இரண்டுக்கும் கேட் போட்டிருந்தார். கேட் என்றால் வாசல்தான். குரல் ஓங்கினால் மட்டும் திறக்கும். கடைசியில் போவி கத்திப் பாடும்போது மூன்றும் திறந்து அந்தப் பெரிய கூடமே உள்ளே வருகிறது. ஹன்சா ஸ்டூடியோ, பெர்லின் சுவருக்குப் பக்கத்தில். அந்தச் சுவர் 1989இல் விழுந்தது. அதே 1989இல் நடந்த கலவரத்தைத் தொடர்ந்துதான் நம் மாவட்டத்தில் உத்தப்புரம் சுவர் எழுந்தது. அதில் ஒரு பகுதி இடிந்து வழி பிறக்க 2008 மே மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். ஆள் போக முடியாத இடத்துக்குக் கொட்டுச் சத்தம் அத்தனை வருசமும் போய்க்கொண்டுதானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். விஸ்கான்டி முறையைப் பறையில் நான் முயன்றிருக்கிறேன். ஒத்தையடியில் கிட்டத்து மைக் மட்டும். மருளடி ஏறும்போது அறுபதடி தள்ளி, தெருமுனையில் இருக்கும் மைக் திறக்கும். அந்த மைக்கில் பறையோடு நாய், சைக்கிள் மணி, ஒரு பாட்டியின் இருமல் எல்லாம் வந்துவிட்டன. எடுக்கவில்லை. பாட்டி இப்போது இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். போன வருசம் ஒரு மாணவி கேட்டார்: "எங்க தாத்தாவைச் சாவுக்கு அடிக்க வச்ச வாத்தியத்தை ஏன் நாங்க கொண்டாடணும் அண்ணே?" லேசான கேள்வி இல்லை. 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடக்கூடாது என்று அரசு உத்தரவே வந்தது, ஒலிபெருக்கி வைத்த வண்டி போதும் என்று. தொண்ணூறுகளில் நம் தெருக்களில் நடந்த வாக்குவாதம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம், அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று நாம் அழைத்த தியாபிலஸ் அப்பாவு கிராமிய இசையை விடுதலையின் இசை என்று சொல்லி வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுபோனார். அந்த வளாகத்தின் தலித் கலைவிழாக்களில் பறை மேடையேறியது. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை ஊர் ஊராகப் பாடினார். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றி ஏற்றி, இரைச்சல் பாதி குரல் பாதியாக நாங்கள் அதைக் கேட்டோம். எனக்கு ஒலிப்பதிவு ஆசை வந்தது அந்த இரைச்சலிலிருந்துதான். மறுபக்கம், எத்தனையோ ஊர்களில் நம் ஆட்கள் இனி அடிக்க மாட்டோம் என்று கொட்டை இறக்கி வைத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள்.

என் அப்பா இறக்கி வைத்தவர். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். 1997இல் மேலவளவில் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு அவர் ஊர்ச்சாவுக்குப் போகவில்லை. பறை வீட்டு உத்திரத்தில் தொங்கியது. நான் மெசின் வாங்கிய புதிதில், "அப்பா, ஒரு தடவை அடிங்க, பதிஞ்சு வச்சிக்கிறேன்" என்று கேட்டேன். "சாவுக்கே அடிக்க மாட்டேன்னவன், மிசினுக்கு எதுக்குடா அடிக்கணும்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. 2011இல் போய்ச் சேர்ந்தார். அவர் கை அடித்த ஒரு அடிகூட என்னிடம் இல்லை. வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது தப்பென்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அந்த மாணவிக்கும் அதைத்தான் சொன்னேன். அடிக்க மாட்டேன் என்கிற உரிமை இருப்பவன் அடித்தால்தான் அது கலை.

அப்பா போன பிறகு சித்தப்பாதான் அந்தப் பறையை இறக்கினார். தோல் கிழிந்திருந்தது, புதுசு போட்டார். "எங்கடா அடிக்கணும்? உங்க ஏசி ரூமுக்கெல்லாம் வரமாட்டேன்" என்றார். நாங்கள் கல்குவாரிக்குப் போனோம். எங்கள் பக்கத்துக் கிரானைட் குவாரிகள் 2012இல் முறைகேட்டுப் புகாரில் நிறுத்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். மலையைக் கேக் அறுப்பதுபோல அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வழவழவென்று நேர்ச்சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். (மாணவர்கள் யாரும் இறங்கிவிடாதீர்கள், ஆழம் தெரியாது. நாங்கள் கரையில் நின்றோம்.) விடியற்காலை நாலரை மணி. அதற்குப் பிறகு காற்று எழுந்துவிடும், டீக்கடை ஸ்பீக்கரும் எழுந்துவிடும். ஆட்டோ பேட்டரியில் மின்சாரம், மைக்குக்குக் காற்றுத்தடுப்பாக என் பிள்ளையின் ஸ்கூல் சாக்ஸ். வைக்கோல் போட்டு நிதானமாகக் காய்ச்சினோம், ஓட வேண்டிய அவசரம் இல்லை. எதிர்ச்சுவர் சுமார் ஐம்பது மீட்டர். போய்த் திரும்ப நூறு மீட்டர், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சித்தப்பா ஒரு அடி அடித்தார், சுவர் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது அடியை அந்த எதிரொலிக்கு நடுவில் வைத்தார். ஐந்து நிமிசத்தில் வேகத்தைச் சுவருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார். எதிரொலி அவருக்கு ஜோடி ஆளாகிவிட்டது. ஸ்டூடியோவில் இதற்கு டிலே என்று ஒரு கருவி இருக்கிறது, விலை கொடுத்து வாங்க வேண்டும். அடித்து முடித்துவிட்டு, "அண்ணன் எதுத்தாப்புல நின்னு அடிச்சமாதிரி இருந்துச்சுடா" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதிவில் நடுவில் ஒரு மயில் அகவுகிறது. அதையும் எடுக்கவில்லை.

சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து திரட்டிய குழு, பத்தொன்பது பேர். பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து. சாவு வீட்டில் மட்டும் கேட்ட சட்டியும் கட்டமோளமும் பறையும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் நின்றன, பின்னணியாக அல்ல. என் தொழில்காரனின் காதோடு சொல்கிறேன், அன்றைக்கு மாறியது மிக்ஸரின் ஃபேடர். எதை மேலே தள்ளுவது, எதைக் கீழே வைப்பது என்று முடிவெடுக்கும் விரல் மாறியது. நம் மதுரைக்கும் பெருமை உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. (இளையராஜாவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அது தனியாக ஒரு பொழிவு. ஒரு மணி நேரத்தில் முடியாது, சண்டையில்லாமலும் முடியாது.)

விருது வந்தாலும் அட்டையில் பெயர் வருகிறதா என்பது வேறு விஷயம். இப்போது புதிதாக ஒன்று நடக்கிறது. ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, பாட்டெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு அடியாக அடியுங்கள் என்கிறார்கள். மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று, ஓரத்தில் ஒன்று. அரை நாள் கூலி. அந்த அடிகள் சாம்பிள் என்று கம்ப்யூட்டருக்குள் போகின்றன, யார் வேண்டுமானாலும் விசைப்பலகையில் தட்டிப் பறை வாசிக்கலாம். பிறகு அந்தக் கலைஞருக்கு அழைப்பு வராது. அவரிடம்தான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே. களப்பணியாளர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துகிறவருக்கு அவர் நிகழ்த்தியதன்மேல் ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38ஏ வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கு வழி செய்கிறது, 38பி நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. "மற்றும் குழுவினர்" என்று போடுவது அலட்சியம் மட்டுமல்ல, அந்த உரிமையைத் தட்டிப் பறிப்பது. கைநாட்டு வாங்கும் முன் அந்தத் தாளைப் படித்துக் காட்டும் ஆள் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களைத்தான் பார்க்கிறேன்.

நான் செய்யும் முறை எளிது. பதிவின் முதல் ஒரு நிமிசம் அடி கிடையாது. அடிப்பவர் தன் பெயர், அப்பா அம்மா பெயர், யாரிடம் கற்றார், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். அது தனிக் கோப்பாக இல்லை, அடியோடு ஒட்டி ஒரே கோப்பாக இருக்கும். வெட்டுகிறவன் தெரிந்தேதான் வெட்ட வேண்டும். ஒரு பிரதி அவர் வீட்டுப் பிள்ளையின் போனில், ஒன்று என்னிடம். வாடிப்பட்டி மூத்தவரைத் தேடி மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் பேரனைக் கண்டுபிடித்தேன். தாத்தா இல்லை. பேரன் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறான், கொட்டு அடிப்பதில்லை. அந்தக் கேசட்டைக் கொடுத்தேன். அவனிடம் போட்டுக் கேட்க மெசின் இல்லை, என் வண்டியில் வைத்துக் கேட்டோம். "எது எங்க தாத்தா?" என்றான். நால்வரில் எது அவர் கை என்று எனக்குத் தெரியும், ஐந்து தடவை படியேறி மூச்சு வாங்கியதால் அவர் அடி மட்டும் ஒரு மயிரிழை பின்னால் விழும். காட்டினேன். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டச் சொன்னான்.

நேரமாகிவிட்டது. வெளியே மைதானத்தில் தோழர்கள் வைக்கோலைக் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள், வாசம் வருகிறது. நான்கு மைக் வைத்திருக்கிறேன், இரண்டு கிட்டத்தில், ஒன்று வேப்பமரத்தில், ஒன்று காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில். டீக்கடை அண்ணனிடம் சொல்லியாயிற்று. அடி ஓய்ந்த பிறகு கடைசி அதிர்வு அடங்கும்வரை தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். பத்து எண்ணிவிட்டுத் தட்டுங்கள்.